ஒரு ஃபேஸ் வீட்டில் மூன்று ஃபேஸ் பட்டறை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில், எலக்ட்ரிகல் பிரிவின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தார் என்னிடம் கேட்டபோது, "ஐயா, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படின்னு பேசுங்களேன்" என்றார்கள். அதைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது மோட்டார். அதனால் மோட்டாரைப் பற்றியே பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு ஃபேஸ் மட்டுமே வரும் வீட்டில் மூன்று ஃபேஸ் லேத்தை ஓட்டுவது எப்படி? இன்றைய என் பேச்சு இவ்வளவுதான். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் சில பேருக்கு இது சோற்றுப் பிரச்சினை.

ஏன் இந்தப் பேச்சு?

கோவையில் பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் லேத் பட்டறை இல்லாத தெருவைத் தேட வேண்டும். 1932-ல் பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கியது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்த ஊரிலேயே மோட்டார் செய்து காட்டினார்கள். அன்று தொடங்கி இரும்பும் மின்சாரமும் இந்த ஊருக்கு இரண்டு கண்கள்.

என் வயதுக்காரர் ஒருவர். இருபது வருஷம் ஒரு மில்லில் ஃபிட்டர். மில் மூடிவிட்டது. கையில் வந்த பணத்தில் ஒரு பழைய லேத்தும் ஒரு ட்ரில்லிங் மெஷினும் வாங்கி, கிராமத்து வீட்டில் மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஷெட் போட்டார். இரண்டு மெஷினிலும் மூன்று ஃபேஸ் மோட்டார். வீட்டில் இருப்பதோ ஒரு ஃபேஸ். மூன்று ஃபேஸ் இணைப்புக்கு எழுதிக் கொடுத்தார். கம்பம் நட வேண்டும், லைன் இழுக்க வேண்டும், டெபாசிட் கட்ட வேண்டும். "எல்லாம் சரிங்க, அதுவரைக்கும் நான் எதைச் சாப்பிடறது?" என்று என்னிடம் வந்து கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

வழிகள் என்னென்ன?

முதல் வழி, மூன்று ஃபேஸ் இணைப்பே வாங்கிவிடுவது. அது கிடைக்கும் இடத்தில் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். நான் சொல்லப் போகும் எதுவும் அதற்கு ஈடாகாது.

இரண்டாவது, மோட்டாரையே மாற்றிவிடுவது. ஒரு மெஷின் என்றால் சரி. ஆனால் பழைய லேத்துகளில் மோட்டார் காலுக்குள்ளே உட்கார்ந்திருக்கும். அளவு பொருந்தாது. ஃபார்வர்டு, ரிவர்ஸ் போடுவதும் ஒரு ஃபேஸ் மோட்டாரில் அத்தனை சுலபமில்லை.

மூன்றாவது, மோட்டாரின் மூன்றாவது முனைக்குக் கண்டென்சர் மட்டும் கொடுப்பது. தோட்டத்தில் இரண்டு ஃபேஸ் மட்டும் வரும் நேரத்தில் நம் விவசாயிகள் பம்புசெட்டுக்குச் செய்வது இதுதான். ஓடும். ஆனால் ஒரே ஒரு லோடுக்கு மட்டும் சரியாக இருக்கும். லோடு மாறினால் ஒரு வைண்டிங் சூடேறும், மற்றது சும்மா இருக்கும். பம்பு ஒரே சீராகத் தண்ணீர் இறைக்கிறது, அதனால் தாங்குகிறது. லேத்தில் ஒரு நிமிஷம் வெட்டு ஆழம், அடுத்த நிமிஷம் சும்மா சுற்றும். ஸ்டார்ட் ஆனதும் கண்டென்சரைக் கழற்றிவிட்டால், மோட்டாரின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும்.

நான்காவது, வி.எஃப்.டி. என்கிற எலக்ட்ரானிக் டிரைவ். ஒரு ஃபேஸ் 230 வோல்ட் உள்ளே போனால் மூன்று ஃபேஸ் 230 வோல்ட் வெளியே வரும். வேகத்தையும் கூட்டலாம், குறைக்கலாம். ஒரே ஒரு லேத் என்றால் இன்று நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒன்று வேண்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஸ்விட்ச் போட்டு, ஓடும்போது ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் டிரைவ் போய்விடும். போனால் கிராமத்தில் பழுது பார்க்க ஆள் கிடையாது.

ஐந்தாவது வழிதான் நம் கதாநாயகன்: ரோட்டரி ஃபேஸ் கன்வர்ட்டர். தமிழில் சுழல் ஃபேஸ் மாற்றி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று மெஷின், முரட்டு உபயோகம், ஊரில் ஒரு ரீவைண்டிங் கடை. இந்தச் சூழ்நிலைக்கு இதற்கு நிகர் இல்லை.

இதென்ன மாயமா?

ஒரு சாதாரண மூன்று ஃபேஸ் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முனையில் இரண்டுக்கு மட்டும் ஒரு ஃபேஸ் சப்ளை கொடுங்கள். மோட்டார் "உர்ர்" என்று உறுமும், சுற்றாது. ஏன்? தேர்வடத்தை இரண்டு பக்கமும் சம பலத்தோடு இழுத்தால் தேர் நகருமா? ஒரு ஃபேஸின் காந்தப்புலம் அப்படித்தான். வலமாகச் சுற்றும் புலம் ஒன்று, இடமாகச் சுற்றும் புலம் ஒன்று, இரண்டும் சம பலம். நின்றிருக்கும் ரோட்டார் யார் பக்கம் போகும்?

இப்போது ஷாஃப்டை ஒரு பக்கமாகச் சுற்றிவிடுங்கள். ரோட்டார் அந்தப் பக்கத்துப் புலத்தோடு சேர்ந்துகொண்டு ஓட ஆரம்பிக்கும். முழு வேகம் வந்ததும், எதிர்ப்பக்கப் புலத்தை ரோட்டாரில் ஓடும் கரண்டே அமுக்கிவிடும். மிச்சம் நிற்பது ஏறக்குறைய வட்டமாகச் சுற்றும் ஒரே புலம். அந்தப் புலம் மூன்றாவது வைண்டிங்கையும் கடந்துதானே போக வேண்டும்? மின்கோணத்தில் 120 டிகிரி தள்ளி உட்கார்ந்திருக்கும் அந்த வைண்டிங்கில், 120 டிகிரி தள்ளிய வோல்டேஜ் பிறக்கிறது. யாரும் கொடுக்காத மூன்றாவது ஃபேஸ்! வாரியம் கொடுத்த இரண்டு கம்பியோடு இந்தக் கம்பியையும் சேர்த்து லேத்துக்குக் கொண்டுபோனால், அது மூன்று ஃபேஸ் என்று நினைத்துக்கொண்டு ஓடும். இப்படிச் சும்மா சுற்றிக்கொண்டே மூன்றாவது ஃபேஸ் தரும் மோட்டாரை ஐட்லர் என்பார்கள்.

மாணவர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒரு ஃபேஸில் சக்தி வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டு எழுகிறது. மூன்று ஃபேஸிலோ மொத்த சக்தி ஒரே சீர். அந்தப் பள்ளத்தை நிரப்புவது யார்? அந்த ரோட்டார்தான். சுற்றும் கனத்தில் சக்தியைச் சேமித்து, பள்ளம் வரும்போது கொடுக்கிறது. பஞ்சத்துக்குக் குதிரில் நெல் சேர்த்து வைப்பது மாதிரி.

இது யாரோ கொல்லைப்புறத்தில் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1885-ல் ஃபெராரிஸ் சுழல்புலத்தைக் காட்டினார். 1889-ல் டோலிவோ-டொப்ரோவோல்ஸ்கி மூன்று ஃபேஸ் மோட்டாரைச் செய்தார். 1891-ல் லாஃபனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் மூன்று ஃபேஸ் மின்சாரம் போனது. 1915-ல் அமெரிக்காவில் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்வே, ஒற்றை மேல்கம்பியில் வந்த ஒரு ஃபேஸை எஞ்சினுக்குள்ளேயே சுழல் மாற்றி வைத்து மூன்று ஃபேஸாக்கி, மலைப்பாதையில் நிலக்கரி இழுத்தது. அவ்வளவு தூரம் போவானேன்? ஈரோடு, அரக்கோணம் ஷெட்டுகளில் இருந்த டபிள்யூ.ஏ.பி.-4 எஞ்சினைப் பார்த்திருப்பீர்கள். அதன் ப்ளோயரும் கம்ப்ரஸரும் மூன்று ஃபேஸ் மோட்டார்கள். மேலே ஓடுவது ஒரே கம்பி. நடுவில் இருந்தது ஆர்னோ கன்வர்ட்டர் என்ற இதே சுழல் மாற்றிதான். பின்னாளில்தான் எலக்ட்ரானிக் மாற்றிகள் அந்த இடத்துக்கு வந்தன. எத்தனையோ வருஷம் நம்மை மதராஸுக்குக் கொண்டுபோய் விட்ட சங்கதி இது!

கட்டுவது எப்படி?

என் நண்பரின் லேத் 2 எச்.பி., ட்ரில்லிங் மெஷின் அரை எச்.பி. ஐட்லர், ஓட்டப் போகும் பெரிய மோட்டாரைவிட ஒன்றரை மடங்கு இருக்கட்டும் என்பது கைக்கணக்கு. கம்ப்ரஸர் மாதிரி கனத்தோடு ஸ்டார்ட் ஆகும் மெஷின் என்றால் இரண்டு மடங்கு. ஆக 2 எச்.பி. லேத்துக்கு 3 எச்.பி. ஐட்லர். உக்கடம் பழைய இரும்புக் கடையில் 1440 சுற்று மோட்டார் ஒன்று கிடைத்தது. பேரிங் மாற்றி, மெகர் வைத்து இன்சுலேஷன் பார்த்த பிறகே உள்ளே கொண்டுவந்தோம்.

இங்கேதான் நம் நாட்டு விவகாரம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே கட்ட முடியாது. அங்கே வீட்டிலும் 240 வோல்ட், பட்டறை மோட்டாரும் பெரும்பாலும் அந்த வோல்டேஜ்தான். நமக்கு வீட்டில் 230 வோல்ட், மோட்டார் பெயர்ப்பலகையில் 415 வோல்ட். என்ன செய்வது? டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் 3 எச்.பி. வரை உள்ள மோட்டார்கள் ஸ்டாரில் இருக்கும். ஸ்டாரில் 415 என்றால் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் கிடைப்பது 415-ஐ 1.732-ஆல் வகுத்தது, அதாவது 240. அதே வைண்டிங்கை டெல்டாவாக மாற்றிப் போட்டால் 230 வோல்டிலேயே ஓடும். ஆறு முனையும் வெளியே இருந்தால் மூன்று பட்டைத் துண்டுகளைத் திருப்பிப் போடும் வேலைதான். மூன்றே முனைதான் வெளியே என்றால், ரீவைண்டிங் கடையில் கொடுத்து ஸ்டார் முடிச்சைப் பிரித்து ஆறையும் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். ஐட்லருக்கு மட்டுமல்ல, லேத் மோட்டாருக்கும் ட்ரில் மோட்டாருக்கும் இதையே செய்ய வேண்டும்.

5 எச்.பி.யும் அதற்கு மேலும் பெரும்பாலும் 415-க்கே டெல்டாவில் இருக்கும். அங்கே இந்த வித்தை பலிக்காது. 230-ஐ 415-ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். வீட்டுச் சர்வீஸும் அந்த லோடைத் தாங்காது. ஒரு ஃபேஸ் வீட்டுக்கு 2 அல்லது 3 எச்.பி. லேத்தோடு நின்றுகொள்வது நல்லது.

டெல்டாவுக்கு மாற்றினால் கரண்ட் 1.732 மடங்காகும் என்பதை மறக்க வேண்டாம். 415-ல் 5 ஆம்பியர் எடுத்த 3 எச்.பி. மோட்டாருக்கு இப்போது எட்டரை ஆம்பியர் பக்கம். ஸ்டார்ட் ஆகும்போது அதைப் போல ஆறு மடங்கு, ஒன்றிரண்டு வினாடிக்கு 50 ஆம்பியர். அதனால் 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத தாமிர வயரில், மீட்டரிலிருந்து தனி லைன் இழுங்கள். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே வெட்டும் டபுள் போல் எம்.சி.பி., 25 ஆம்பியர், சி வகை. கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இவற்றுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

ஸ்டார்ட் செய்ய இரண்டு நல்ல வழி உண்டு. ஒன்று, ஸ்டார்ட் கண்டென்சர். ஒரு எச்.பி.க்கு 80 முதல் 100 மைக்ரோஃபாரட். 3 எச்.பி.க்கு 250 முதல் 300 வரை. ஒரு சப்ளை முனைக்கும் மூன்றாவது முனைக்கும் நடுவில், புஷ் பட்டன் வழியாக. மோட்டார் வேகம் பிடிக்கும்வரை, ஒன்றிரண்டு வினாடி அழுத்தி விட்டுவிட வேண்டும். இந்த வகைக் கண்டென்சர் சில வினாடிகளுக்கு என்றே செய்தது. அழுத்தியபடியே நின்றால் வெடிக்கும்.

இன்னொன்று, அரை எச்.பி. ஒரு ஃபேஸ் மோட்டாரை பெல்ட் போட்டு இணைத்து, ஐட்லரை முதலில் வேகத்துக்குக் கொண்டுவந்து, பிறகு சப்ளை கொடுப்பது. லைன் பலவீனமான கிராமத்துக்கு இதுவே உத்தமம். அந்த 50 ஆம்பியர் இழுப்பு இருக்காது. பக்கத்து வீட்டு டியூப் லைட் கண் சிமிட்டாது, பக்கத்து வீட்டுக்காரரும் சண்டைக்கு வரமாட்டார்.

கயிறு சுற்றி இழுத்தும் ஸ்டார்ட் பண்ணலாம். ஆனால் பட்டறைக்கு அது வேண்டாம். எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தப் பக்கம் ஐட்லர் சுற்றும். அதை ஒட்டி ஃபேஸ் வரிசையும் மாறும், லேத்தும் திரும்பிச் சுற்றும். சில பழைய லேத்துகளில் சக் மரையில் ஏற்றியது. எதிர்ப்பக்கம் வேகமாகச் சுற்றினால் கழன்று காலில் விழும். கண்டென்சரை எப்போதும் ஒரே பக்கத்தில் இணைத்திருந்தால் இந்த ஆபத்து இல்லை.

அடுத்து ரன் கண்டென்சர். இது இல்லாமலும் ஓடும், ஆனால் லோடு ஏறும்போது மூன்றாவது ஃபேஸ் தொங்கிப்போகும். சப்ளை முனை ஒவ்வொன்றுக்கும் மூன்றாவது முனைக்கும் நடுவில், 440 வோல்ட் ஏ.சி. மோட்டார் ரன் கண்டென்சர்கள். 20 மைக்ரோஃபாரட்டில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் இருக்காது. லேத் வெட்டிக்கொண்டிருக்கும்போது மூன்று ஜோடி வோல்டேஜையும் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று 5 சதவீதத்துக்குள் நின்றால் போதும், நிறுத்திவிடுங்கள். வெறும் ஓட்டத்தில் மூன்றாவது ஃபேஸ் கொஞ்சம் கூடுதலாகவும், லோடில் கொஞ்சம் குறைவாகவும் இருந்தால் அதுதான் சரியான நடு.

உயிர் விஷயம்

இங்கே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். வித்தை தெரிந்தவன் அடிபடும் இடம் இதுதான்.

முதலாவது, மின்தடை. கரண்ட் போகிறது, ஐட்லர் நிற்கிறது. ஐந்து நிமிஷத்தில் கரண்ட் வருகிறது. நின்ற ஐட்லருக்கு நேராகச் சப்ளை போனால், சுற்ற முடியாமல் உறுமிக்கொண்டே ஆறு மடங்கு கரண்ட் இழுத்து எரியும். அதனால் கத்தி ஸ்விட்ச் வேண்டவே வேண்டாம். நோ வோல்ட் காயில் உள்ள காண்டாக்டர் ஸ்டார்ட்டர்தான் வேண்டும். கரண்ட் போனால் அது தானே விழுந்துவிடும், ஆள் வந்து பட்டன் அழுத்தினால்தான் மறுபடி ஏறும். கடையில் மூன்று ஃபேஸ் ஸ்டார்ட்டர் கேட்டால் 415 வோல்ட் காயிலோடு கொடுத்துவிடுவார்கள். 240 வோல்ட் காயில் என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, ஸ்டார்ட்டர் காயில் எல்லாவற்றுக்கும் வாரியத்தின் இரண்டு கம்பியிலிருந்தே சப்ளை எடுங்கள். நாம் உண்டாக்கிய மூன்றாவது கம்பியிலிருந்து எடுத்தால், லோடு ஏறி வோல்டேஜ் தொங்கும்போது காண்டாக்டர் படபடவென்று அடித்துக்கொள்ளும். லேத் ஸ்டார்ட்டரின் காயிலை, ஐட்லர் காண்டாக்டரின் துணைக் காண்டாக்ட் வழியாகக் கொண்டுபோங்கள். ஐட்லர் ஓடாமல் லேத் ஓடாது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி ஓவர்லோட் ரிலே.

மூன்றாவது, எர்த். இங்கே நியூட்ரலும் மோட்டாருக்குப் போகும் ஒரு கம்பி. "நியூட்ரல்தானே" என்று அதையே பாடியில் முடிந்துவிடக் கூடாது. எங்காவது நியூட்ரல் அறுந்தால் லேத் முழுக்கக் கரண்ட். தனி எர்த் குழி, தனி எர்த் கம்பி, ஐட்லரிலிருந்து எல்லா மெஷினுக்கும்.

நான்காவது, ஸ்விட்ச் ஆஃப் பண்ணியதும் கை வைக்காதீர்கள். ரோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்வரை, கண்டென்சரும் கூட இருப்பதால், அது ஜெனரேட்டர் மாதிரி வோல்டேஜ் கொடுத்துக்கொண்டிருக்கலாம். நின்ற பிறகும் கண்டென்சரில் சார்ஜ் இருக்கும். ஸ்டார்ட் கண்டென்சருக்குக் குறுக்கே 15 கிலோ ஓம், ரன் கண்டென்சருக்குக் குறுக்கே 100 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டர் போட்டுவிடுங்கள். அரை நிமிஷம் காத்திருங்கள். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே தொடுங்கள். பொறுமைக்குச் செலவு எதுவும் இல்லை.

ஐந்தாவது, சட்டம். சர்வீஸில் அனுமதித்த லோடுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு இணைப்பில் பொழுதுபோக்குக்குச் செய்வது வேறு, கூலிக்கு வேலை செய்வது வேறு. அனுமதித்த உபயோகத்தை விட்டு வேறு உபயோகம் செய்தால், 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு பாயும். என் நண்பர் முதலில் வாரிய அலுவலகம் போய், ஷெட்டுக்குப் பட்டறைக் கட்டணத்தில் ஒரு ஃபேஸ் இணைப்பு வாங்கினார். அதற்குப் பிறகுதான் ஐட்லர் ஓடியது. லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட வேலை அது.

கடைசியாக

இதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சத்தம் போடும். லேத் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும், ஐட்லர் ஓடும் மணி ஒவ்வொன்றுக்கும் கால் யூனிட்டிலிருந்து அரை யூனிட் வரை சாப்பிடும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு மெஷின்களுக்கு ஏற்றதில்லை. ஆனால் பத்து வருஷம் கழித்துப் பழுதானாலும், கிராமத்து ரீவைண்டிங் கடைக்காரர் சரிசெய்துவிடுவார். இன்னொன்று, ட்ரில் மோட்டார் ஓடும்போது அதுவும் ஒரு குட்டி ஐட்லராகி லேத்துக்குக் கை கொடுக்கும்.

என் பழைய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களில் பலர் தொழிற்சாலை வைத்திருக்கிறீர்கள். மூலையில் தூசி படிந்து கிடக்கும் 3 எச்.பி. மோட்டார் ஒன்றை நம் மெஷின்ஸ் லேபுக்குக் கொடுங்கள். ஸ்டார்ட்டரும் மூன்று வோல்ட்மீட்டரும் வாங்கித் தருவது என் பொறுப்பு.

மாணவத் தம்பி தங்கைகளே, சுழல்புலத்தைப் பரீட்சைக்காகப் படம் போட்டு மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆசிரியர் பக்கத்தில் நிற்க, அந்த ஐட்லரை ஓடவிட்டு, மூன்றாவது முனையில் மீட்டர் வையுங்கள். முள் எழும். ஒருவரும் கொடுக்காத வோல்டேஜ் அங்கே நிற்கும். ஏன் என்று உங்களுக்குள் கேள்வி எழுந்தால், நீங்கள் எலக்ட்ரிகல் படிக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு உங்கள் ஊரில் யாராவது "மூணு ஃபேஸ் இல்லையே, என்ன பண்றது?" என்று வந்து கேட்டால், அவரை உட்கார வைத்து, ஒரு தாளை எடுத்து, பாதுகாப்பில் ஆரம்பித்து வரைந்து காட்டுங்கள். இந்தக் கல்லூரிக்கு நாம் பட்ட கடனில் கொஞ்சம் அப்படித்தான் அடையும்.

 சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார்.